டூகலுக்கு ஞாபகம் இல்லை

கிளென்ரே, சவுத்லாந்து
2 ஜூன் 1991

ரோனா,

உங்கள் நெல்சன் முகவரியை லெக்ஸிடம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. தினமும் தாளை எடுத்து வைப்பேன். உடனே குதிரைவண்டிச் சங்கத்து வேலை ஏதாவது வந்துவிடும். வந்துவிடும் என்ன, நானே வரவழைத்துக்கொள்வேன்.

இடுப்பு எப்படி இருக்கிறது? ஆணி வைத்த இடம் இந்த ஜூன் குளிருக்கு வலிக்கிறதா? மோரக் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியே வீடு கிடைத்துவிட்டதாமே. மகள் கூப்பிடு தூரத்தில் இருப்பது நல்லதுதான்.

இங்கே, மார்ச் பத்தாம் தேதி டார்பி மிரண்டு வண்டியோடு ஓடி நீங்கள் விழுந்த பிறகு, ஒன்றரை மாதம் ஓட்டமே வைக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் மறுபடி ஆரம்பித்தோம். எட்டு வண்டி வருகிற இடத்தில் ஐந்துதான் வந்தது. மனைவியை விழவைத்துவிட்டோம் என்று டூகல் கொடுத்த ராஜினாமாவைக் கமிட்டி ஏற்றுக்கொண்டதே தவிர, தலைவர் இடத்தில் உட்கார ஒருவருக்கும் மனசு வரவில்லை. அவருடைய கம்பளிக் கொட்டகையில் நாலு பேர் கூடித் தொடங்கிய சங்கம்தானே இது.

எல்லாரும் இப்போது பயந்து போயிருக்கிறார்கள். புறப்படும் முன் நான் வண்டி வண்டியாகப் போய் வார், கொக்கி, சக்கர ஆணி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏற முடியாது. ஒரு விதி அட்டையும் அடித்திருக்கிறோம். வண்டியை முழுக்க அவிழ்க்கும் வரை கடிவாளம் குதிரையின் தலையைவிட்டு இறங்கக் கூடாது. பழைய விதிதான். கடிவாளத்தோடு சேர்ந்த கண்பட்டை போய்விட்டால் குதிரைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு சக்கரம் துரத்தி வருவது தெரியும், பிறகு எந்த மனிதக் கையும் நிறுத்த முடியாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தானே பாடம் நடத்துவேன். அன்று காலையில்கூட நடத்தினேன்.

தலைமையிடத்தில் விபத்து அறிக்கை கேட்டார்கள். செயலாளர், பாதுகாப்பு அதிகாரி இரண்டுமே நான்தான் என்பதால் நானே எழுதி அனுப்பினேன். டூகல் பெயர் கெடாதபடி, "கடிவாளத்தை முன்னதாகக் கழற்றியது மறதியால் நேர்ந்தது" என்று மெதுவாகத்தான் எழுதியிருக்கிறேன்.

டார்பி உங்கள் பழைய நிலத்தில், அதைக் குத்தகைக்கு எடுத்த லெக்ஸின் பொறுப்பில் நிற்கிறான். ஒரு கீறல் இல்லை. டூகல் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி போடுங்கள்.

ஏவ்ரில்


நெல்சன்
14 ஜூன் 1991

ஏவ்ரில்,

போன் பண்ணாம எழுதினது நல்லதாப் போச்சு. போன் இருக்கிறது டூகல் நாற்காலிக்குப் பக்கத்துல. இந்த வீட்டுல தும்முனாலும் அடுத்த அறையில கேக்கும்.

இடுப்பு பரவாயில்ல. பிடிச்சு நடக்க நாலு கால் வண்டி ஒண்ணு குடுத்திருக்காங்க, அதைத் தள்ளிக்கிட்டு தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வர்றேன். இதுக்குக் குதிரை வேண்டாம், அதனால எனக்குப் பிடிச்சிருக்கு. ஜன்னல்ல கடல் தெரியுது. மோரக் பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்க வந்து பிஸ்கட் டின்னைக் காலி பண்ணிட்டுப் போகுதுங்க. உண்மையைச் சொன்னா, இத்தனை வெயிலை நான் சவுத்லாந்துல பத்து வருஷம் சேர்த்து வச்சாலும் பாத்திருக்க மாட்டேன்.

டூகலைக் கேட்டியே. கார் சாவியை மோரக்கிட்ட குடுத்துட்டார். கேஸ் அடுப்பைத் தொடமாட்டேங்கிறார். ஒரு சின்ன நோட்டு வாங்கிச் செய்றதை எல்லாம் எழுதி வைக்கிறார். பால் வாங்கினேன், கொல்லைக் கதவைச் சாத்தினேன், இப்படி. டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னாராம். நாப்பது வருஷம் ஆடு எண்ணின மனுஷன்கிட்ட. ரெண்டு வரைக்கும் வந்துட்டு, "இதுக்கு மேல பட்டியில ஆடு இல்ல டாக்டர்"ன்னாராம். டாக்டர் சிரிச்சுட்டு, எழுபத்தோரு வயசுக்கு இது ரொம்ப நல்லாருக்குன்னார்.

அவர் நம்பல. "நான் வண்டிகிட்ட திரும்பி வந்தேன், குதிரைத் தலையைப் பிடிச்சுக்கிறதை என்கிட்ட விட்டுட்டு அவ போனான்னு ஏவ்ரில் சொல்றா. ஏவ்ரில் பொய் சொல்ற ஆள் இல்ல. எனக்கு அது துளிகூட நினைவு இல்ல. நினைவே இல்லாம பொண்டாட்டி இடுப்பை உடைச்சவன் நாளைக்கு என்னத்தை உடைப்பான்?" இதையே திரும்பத் திரும்பக் கேக்கிறார். நான் டீ போட்டுக் குடுக்கிறேன்.

இன்னொண்ணு. டார்பியை அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டார். ஒரு தடவை வண்டியோட ஓடினது மறுபடி ஓடும், அதை இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேங்கிறார். குதிரையை வெட்டி நாய்த் தீனி ஆக்குற லாரிக்காரனுக்குச் சொல்லப் போறார். மோரக் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டா.

ரோனா


கிளென்ரே
23 ஜூன் 1991

ரோனா,

தயவுசெய்து அவரைத் தடுங்கள்.

டார்பிக்கு ஒன்பது வயசுதான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்து வந்தவனை டூகல் இரண்டு வருஷம் பொறுமையாகப் பழக்கினார். பால் லாரி உரசிக்கொண்டு போனாலும் காது அசைக்காத குதிரை. ஒரு தடவை ஓடினான் என்றால், கண்பட்டை இல்லாமல் சக்கரத்தைப் பார்த்தான், ஓடினான். எந்தக் குதிரையும் ஓடும். இது குதிரையின் குணம் இல்லை, மனிதர் செய்த தப்பு என்று டூகலுக்கே தெரியும். மனிதர் யாராக இருந்தாலும்.

நேற்று லெக்ஸ் நிலத்துக்குப் போனேன். தெற்குக் காற்று காதை அறுத்துக்கொண்டு போகிறது, தொட்டித் தண்ணீர் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. உடைத்துவிட்டேன். டார்பி வந்து என் தோளில் நெற்றியைத் தேய்த்தான். அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

போன ஞாயிறு ஓட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதி, "நீங்க இருக்கிற தைரியத்துலதான் சேர்ந்தோம்" என்றார்கள். அந்தப் பெண் வீட்டிலிருந்து சீஸ் ரோல் சுட்டு எடுத்து வந்து முதலாவதை எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிட முடியவில்லை.

உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் இல்லை. முதலில் லாரியை நிறுத்தச் சொல்லுங்கள். நான் வேண்டுமானால் டார்பியை வைத்துக்கொள்கிறேன்.

ஏவ்ரில்


நெல்சன்
2 ஜூலை 1991

ஏவ்ரில்,

சொல்லிப் பாத்தேன். நீ வச்சுக்கிறேன்னு சொன்னதையும் சொன்னேன். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார்.

லாரி வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், பதினொண்ணாம் தேதி காலையில ஒன்பது மணிக்கு வருது. லெக்ஸ் அன்னைக்கு இன்வர்கார்கில் போறாராம். இருக்க மாட்டேன்னு அவரே ஒரு காரணம் தேடிக்கிட்டார்னு நினைக்கிறேன்.

அதனால டூகல் உன்னைக் கேக்கச் சொன்னார். ஏத்துற நேரத்துல நீ அதோட தலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம். அறிமுகம் இல்லாத ஆளுன்னா அது மிரளும், உன் கைன்னா அடங்கி நிக்கும், கடைசி நேரத்துல பயப்படாம போகட்டும்ங்கிறார். தானே எழுதணும்னு உக்காந்தார். முடியல. என்கிட்ட குடுத்துட்டார்.

உன்னால முடியாதுன்னா சொல்லு. ஆனா அவர் வேற யாரையும் கேக்க மாட்டார்.

நீ எழுத வேண்டியது இருக்குன்னியே, அதை யோசிச்சு எழுது. எழுதின அப்புறம் திருப்பி வாங்க முடியாது.

ரோனா


கிளென்ரே
11 ஜூலை 1991

ரோனா,

லாரி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். டார்பி இப்போது என் வீட்டுக்குப் பின்னால், ஆப்பிள் மரத்தடியில் நிற்கிறான். லாரிக்காரர், "கூப்பிட்டது நீங்க இல்லையேம்மா" என்றார். குதிரைமேல் தப்பில்லை என்று சொன்னேன். அப்படிப் பார்த்தால் அவர் ஏற்றுகிற எதன் மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிவாளத்தைக் கழற்றியது நான்.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் சமையலறையில் நின்றேன். இப்போது மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அன்று ஓட்டம் முடிந்து எல்லாரும் மைதானத்துக்குள் வந்தோம். தூறல் போட ஆரம்பித்ததால் எல்லாருக்கும் அவசரம். முழங்கால் வலி என்று நீங்கள் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் கால் வைத்து இறங்க டூகல் படிப்பெட்டி எடுக்கப் போனார். போகும்போது என்னிடம், "தலையைப் பிடிச்சுக்கோ ஏவ்ரில், வந்துடறேன்" என்றார். அவர் போகும் வழியில் வண்டிப் பக்கம் குனிந்ததைப் பார்த்தேன். குதிரையை வண்டியோடு பிணைக்கிற இழுவாரை அவிழ்த்துவிட்டுத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் வார் மாட்டியிருப்பது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. காலையிலிருந்து முப்பது வார்களைப் பார்த்தவள் அந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

டார்பி வியர்வை அரிப்பில் என் தோளில் தலையைத் தேய்த்தான். பாவம் என்று நினைத்துத் தலைக்கயிறு மாட்டுவதற்காகக் கழுத்து வாரைத் தளர்த்திக் கடிவாளத்தை இறக்கினேன். அவ்வளவுதான். அவன் கண் விரிந்தது தெரியும். பிறகு என் கையில் வெறும் வார்தான் இருந்தது. வண்டி போய் வாசல் கம்பத்தில் மோதியது. நீங்கள் புல்லில் கிடந்தீர்கள்.

நான் கடிவாளத்தை வேலியில் போட்டுவிட்டு உங்களிடம் ஓடி வந்தேன். மறைக்க வேண்டும் என்று போடவில்லை. கை காலியாக வேண்டும் என்று போட்டேன். ஆனால் ஆம்புலன்ஸ் போன பிறகு யாரோ வேலியில் பார்த்து, "இதைக் கழட்டினது யாரு?" என்று கேட்டார்கள். டூகல் என்னைப் பார்த்தார். "உன்கிட்டதானே குடுத்துட்டுப் போனேன்" என்றார். குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார்.

நான், "நீங்க திரும்பி வந்து வாங்கிக்கிட்டீங்களே டூகல்" என்றேன்.

அவர், "வந்தேனா?" என்றார்.

அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்று கேட்டேன்.

ரோனா, அந்த மனிதர் தன் நினைவை விட்டுவிட்டு என் பேச்சை எடுத்துக்கொண்டார். என் கண்ணெதிரே அது நடந்தது. கமிட்டியில், "ஏவ்ரில் சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்கு வயசாச்சு" என்று அவர் சொன்னபோது நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

அவர் நோட்டில் எழுதி வைக்கிறார் என்று படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் இடுப்பை உடைத்ததும் நான், அவர் மனசை உடைத்ததும் நான். இதை அவரிடம் சொல்லுங்கள். இல்லை, நான் சொல்ல வேண்டும். எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏவ்ரில்


நெல்சன்
17 ஜூலை 1991

ஏவ்ரில்,

எனக்குத் தெரியும்.

நான் வண்டி மேலதானே உக்காந்திருந்தேன். உன் தலை எனக்கு நேரா ஏழடி தூரத்துல. நீ வாரைத் தளர்த்துறதைப் பாத்தேன். என்னடா இவ இப்பவே கழட்டுறாளேன்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள கம்பம் வந்துடுச்சு.

ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ டூகல் பக்கத்துல உக்காந்திருந்தார். நான் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாடியே, "நான்தான் கழட்டியிருக்கேன் ரோனா, மன்னிச்சுடு"ன்னார். மருந்து மயக்கம், எனக்குப் புரியல. அடுத்த நாள் புரிஞ்சுது. சொல்லணும்னுதான் இருந்தேன். அப்ப அவர், "நிலத்தை லெக்ஸுக்குக் குத்தகைக்கு விட்டுடறேன், நெல்சன் போயிடலாம், நீ கேட்டுக்கிட்டே இருந்தியே"ன்னார்.

பத்து வருஷமா கேட்டேன் ஏவ்ரில். பேரன் பேத்தி வளர்றதைப் படத்துல பாத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த வண்டியில இருக்கை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவேன். சிரிச்சுக்கிட்டு வருவேன், எல்லாரும் நான் சந்தோஷமா இருக்கேன்னு நினைப்பாங்க. எனக்கு உயிர் போற பயம். நாப்பத்து நாலு வருஷத்துல அவர்கிட்ட ஒரு தடவை அதைச் சொன்னதில்ல. இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கும்போது எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இனிமே ஏற வேண்டாம்.

அதனால வாயை மூடிக்கிட்டேன். நீ ஒரு பொய் சொன்ன, நான் அதுல குடித்தனம் பண்றேன். உன்னைவிட நான் யோக்கியம் இல்ல.

இப்ப உன்னைக் கேக்கிறேன், விட்டுடு. டார்பியை நீ வச்சுக்கோ, அவர்கிட்ட நான் எப்படியாவது சொல்லிக்கிறேன். உன் கடிதத்தை அடுப்புல போட்டுட்டேன். அவர் மெதுவா அடங்கிடுவார். போன வாரம் பேரனோட தூண்டில் போடப் போனார். நீ உன் மனசு பாரத்தை இறக்கி வைக்கிறதுக்காக நான் என் வீட்டைக் குடுக்கணுமா? என் இடுப்பைக் குடுத்துட்டேன், போதாதா?

ரோனா


கிளென்ரே
26 ஜூலை 1991

ரோனா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்பாடா என்றிருந்தது. பாதிக்கப்பட்டவரே விட்டுவிடு என்கிறார், இனி என்ன என்று ஒரு நாள் முழுக்க லேசாக நடமாடினேன். மறுநாள் டார்பிக்கு வைக்கோல் போடும்போது அந்த லேசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பதற்கு அவர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கமிட்டியில் சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை, நான் செய்ததை மட்டும்தான். குறிப்பேட்டில் மார்ச் மாதப் பக்கத்தில் என் கையாலேயே திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமையிடத்துக்கும் புது அறிக்கை போய்விட்டது. இரண்டு பொறுப்பையும் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சீஸ் ரோல் கொண்டுவந்த பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லெக்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "குதிரை ஓடறதை நிறுத்த முடியாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நீ. இதை நிறுத்தியிருக்கலாமே" என்றார். பிறகு போய்விட்டார்.

டூகலுக்கும் எழுதிவிட்டேன். உறை மேசையில் இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளிக்கிழமை தபாலில் சேர்ப்பேன். இரண்டு வாரம் இருக்கிறது. உங்கள் வாயால் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் தாங்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்ததைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். என் கடிதத்தில் அது இல்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

ஏவ்ரில்


நெல்சன்
6 ஆகஸ்ட் 1991

ஏவ்ரில்,

உறையைத் தபால்ல போட வேண்டாம். சொல்லியாச்சு.

ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன். பாத்திரம் கழுவும்போது திட்டினேன், நடைப் பயிற்சியில திட்டினேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் நோட்டைத் திறந்து, "கறி நல்லா இருந்துச்சுன்னு ரோனாகிட்ட சொன்னேன்"னு எழுதறதை எட்டிப் பாத்துட்டேன். அப்புறம் என்னால முடியல.

நீ கழட்டினன்னு மட்டும்தான் சொல்ல நினைச்சேன். கேட்டுட்டு அவர் நோட்டை மூடி வச்சார். அப்புறம் அன்னைக்கு நடந்ததை வரிசையாச் சொல்ல ஆரம்பிச்சார். உன்கிட்ட தலையைக் குடுத்தது, கையுறை கீழ விழுந்து குனிஞ்சு எடுத்தது, லெக்ஸ் வண்டிக்குப் பின்னால போய்ப் படிப்பெட்டியைத் தேடினது, கத்தல் கேட்டுத் திரும்பினது. ஒவ்வொண்ணையும் சொல்லிட்டு, "இதுதானே நடந்துச்சு?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "நான் திரும்பி வரவே இல்லையே?" வரலன்னேன்.

அப்ப கேட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏவ்ரில் எழுதினான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. அந்த முகத்தைப் பாத்து இன்னொண்ணு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. பாத்தேன்னு சொன்னேன். ஏன் சொல்லலங்கிறதையும் சொன்னேன். வண்டின்னா பயம்ங்கிறதை மட்டும் சொல்லல, அதுக்குள்ள எழுந்துட்டார்.

கத்தல, ஏசல. மறுநாள் மோரக் வீட்டுக்குப் போய்க் கார் சாவியை வாங்கிக்கிட்டு வந்தார். எங்கயும் போகல, வாசல்ல நிறுத்தினார், அவ்வளவுதான். நேத்து பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துட்டார். இந்த மாசக் கடைசியில கிளென்ரே வர்றார், லெக்ஸோட தங்குறாராம். எத்தனை நாள்னு கேட்டேன். தெரியலன்னார். பெட்டியை அவரே அடுக்கறார். கல்யாணம் ஆனதுல இருந்து அந்தப் பெட்டியில என் துணியும் இருக்கும்.

உன் மேல கோபம் இல்லன்னு எழுதினா அது இன்னொரு பொய். ஆனா நீ செஞ்சது சரி.

ரோனா


கிளென்ரே
15 செப்டம்பர் 1991

ரோனா,

டூகல் நன்றாக இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். லெக்ஸ் சமையல் என்றால் தகர டப்பா சமையல்தான், ஆனாலும் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது.

வந்த மூன்றாம் நாள் டார்பியை அழைத்துப் போக என் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. மரத்தடியில் நின்று குதிரையின் நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார், முதுகெல்லாம் தடவினார். நான் தள்ளி நின்றேன். கடைசியில் அவர்தான் பேசினார்.

"இடுப்புக்காக உன் மேல எனக்கு வருத்தம் இல்ல ஏவ்ரில். கை தவறும். என் கையும் தவறியிருக்கு. ஞாபகம் இல்லையான்னு கேட்டியே, அதுக்குத்தான். அஞ்சு மாசம் நான் என்னைக் கண்டு பயந்துக்கிட்டு இருந்தேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"அதை எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. தெரியற வரைக்கும் நீயும் கேக்காத" என்றார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் தூரம் ரோட்டோரமாக நடத்தியே கூட்டிப் போனார்.

இன்று பருவத்தின் முதல் ஓட்டம். எனக்குச் சங்கத்தில் இப்போது ஒரு வேலைதான். வண்டிகள் பண்ணை நிலங்கள் வழியாகப் போகும்போது வாசல் படலைத் திறந்துவிட்டு, ஆடு வெளியே போகாமல் மறுபடி சாத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு அதுதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நியாயம்தான். டூகல் டார்பியைப் பூட்டி ஓட்டி வந்தார். பழக்குகிற கனத்த வண்டியில், ஹெல்மெட்டோடு, லெக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. என் படலுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார்.

"ரோனா உனக்கு எழுதறாளா?" என்று கேட்டார். எழுதுகிறார்கள் என்றேன்.

"எனக்கு எழுதல."

"நீங்க எழுதினீங்களா?"

"என்னன்னு எழுதறது" என்று சொல்லிவிட்டு லகானைத் தளர்த்தினார், டார்பி நடந்தான். லெக்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.

நான் இதை எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எழுதியதை அவரிடம் சொல்லிவிடுவேன். இனி அப்படித்தான்.

ஏவ்ரில்


நெல்சன்
24 செப்டம்பர் 1991

ஏவ்ரில்,

அக்டோபர் அஞ்சாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கோர் டவுன்ல பஸ்ஸை விட்டு இறங்கறேன். மோரக் கூட வர்றேன்னா, வேண்டாம்னுட்டேன். ஒரு பொட்டியும் ஊன்றுகோலும்தான்.

வந்து என்ன ஆகும்னு தெரியாது. நான் அங்கேயே தங்கவும் வரலை, அவரை இழுத்துக்கிட்டுப் போகவும் வரலை. நெல்சன் வீட்டுச் சாவி என் பையில இருக்கு. அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு அந்த வண்டின்னா முதல் நாள்ல இருந்தே பயம்னு. நாப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அவர் என்னை ஏத்தியிருக்கவே மாட்டார். இதைக் கடிதத்துல எழுத முடியாது. எழுதிப் பாத்தேன், கிழிச்சேன்.

பஸ் படி உயரம். என்னால தனியா இறங்க முடியாது. நீ காரை எடுத்துக்கிட்டு வா.

நான் வர்றதை டூகல்கிட்ட சொல்லாதேன்னு எழுதத்தான் உக்காந்தேன். வேண்டாம். சொல்லிடு. வர்றதுன்னா வரட்டும்.

ரோனா